பார் லைட்டின் ஒளியை அகலமாக்க

மேடையில் ஆடுபவர் இரண்டடி நகர்ந்ததும் முகம் இருண்டு, அடுத்த லைட்டுக்குள் போனதும் மறுபடி பளிச்சிட்டால், தரையில் விழும் ஒளிவட்டத்தைப் பார்த்தே பார் (PAR) லைட்டை, அதாவது கேன் வடிவ மேடை விளக்கை, கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தரையில் வட்டங்கள் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். முகத்தின் உயரத்தில் இடைவெளி விழுந்திருக்கும்.

லைட்டின் ஒளி விரியும் கோணத்தில் பாதியின் டேன் (tan) மதிப்பை தூரத்தால் பெருக்கி, இரட்டித்தால் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 25 டிகிரி எல்.இ.டி. பார் ஒன்றை 4.5 மீட்டர் உயரத்தில் 45 டிகிரி சாய்த்துக் கட்டினால், தரைக்கு 6.4 மீட்டர் தூரம், அகலம் 2.8 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் முகத்துக்கோ தூரம் 4.2, அகலம் வெறும் 1.9. அப்படியென்றால் 1.9 மீட்டருக்கு ஒரு லைட் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் டிகிரி பெரும்பாலும் வெளிச்சம் நடுவில் உள்ளதில் பாதியாகும் விளிம்பு வரைக்குமான அளவு. பக்கத்து லைட்டின் பாதியும் அங்கே வந்து சேர்ந்தால்தான் முகம் சமமாகத் தெரியும்.

அத்தனை லைட் இல்லையென்றால் ஒளியை விரிக்கத்தான் வேண்டும். பலரும் முதலில் தேடுவது வெள்ளை ஃப்ராஸ்ட், அதாவது லைட்டின் முன் வைத்து ஒளியைப் பரப்பும் மங்கல் தாள். லீ நிறுவனத்தின் 216ஆம் எண் தாள் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வெளியே விடும். 250 ஏறக்குறைய 60 சதவீதம், 251 ஏறக்குறைய 80. 216 ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் மேடைக்குப் போக வேண்டியது முன்வரிசைக் கண்களிலும் பின்திரையிலும் விழும். 251 மாதிரி மெல்லியது விளிம்பை மழுப்பும், அகலத்தைப் பெரிதாகக் கூட்டாது.

எல்.இ.டி.க்கு நல்லது, ஒளியை எத்தனை டிகிரி விரிக்கும் என்று குறித்து விற்கும் ஹோலோகிராஃபிக் தாள். ஒளி இழப்பு பத்து சதவீதம் அளவுதான். லைட்டின் கோணம், தாளின் கோணம் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் புதிய கோணம் ஏறக்குறைய வந்துவிடும். 25 டிகிரி லைட்டில் 30 டிகிரி தாள் போட்டால் 39; முகத்தில் அகலம் 3 மீட்டர். அதே ஒளி இரண்டரை மடங்கு பரப்பில் பரவுவதால், தாளின் இழப்பையும் சேர்த்து, நடுவில் பழைய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். லைட்டை ஏற்கெனவே முழு அளவில் எரித்துக்கொண்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள். முகம் மங்கிப்போகும்.

தாளை லென்ஸிலேயே ஒட்டாமல், லைட்டின் முன் வண்ணத்தாள் செருகும் ஜெல் ஃபிரேமில் வையுங்கள். இரண்டு விதத்திலும் கிடைக்கும் கோணம் ஒன்றுதான், ஆனால் ஃபிரேமில் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் நன்றாகக் கலந்து, நிழலோரத்து வண்ணக் கோடுகள் குறையும். ஒளியை ஓரங்களில் மறைக்கும் பார்ன் டோர் தகடுகள் இருந்தால் தாள் அதற்குப் பின்னால், லைட் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பழைய பார் 64 ஹாலஜனுக்குத் தாளே தேவையில்லை, பல்பை மாற்றினால் போதும். சிபி60 எண் பல்பின் ஒளி மிகக் குறுகியது, சிபி61 அடுத்தது; சிபி62 சுமார் 11க்கு 24 டிகிரி நீள்வட்டம். பின்பக்கம் பல்பைத் திருப்பி நீளவாக்கை மேடையின் குறுக்கே வைத்தால் ஒரே லைட் குறுக்கே இரண்டு மடங்கு அகலத்தை மூடும். சூடாக எரியும் கேனைத் திருப்பும்போது கனமான கையுறை கட்டாயம். 1000 வாட் பல்பின் முன் பட்டர் பேப்பரை மட்டும் வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கட்டி முடித்ததும் வெள்ளைத் தாள் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஒருவரை மேடையின் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். தாள் மங்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு, பக்கத்து லைட்டை அந்தக் குறிப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும்.