சங்கப் பாக்கி

எங்கள் சபையில் ஆறு வருஷமாக நான்தான் பொருளாளர். ஆறு வருஷமாக ஒரு பிரசங்கத்தையும் முழுசாகக் கேட்டதில்லை. ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) இரண்டாம் குறிப்புக்கு வரும்போது முன்வரிசையில் யாருடைய பின்மண்டையாவது கண்ணில் படும்; உடனே அவருடைய சங்கப் பாக்கி ஞாபகத்துக்கு வந்துவிடும். சங்கம் என்றால் சபையார் கட்டும் சந்தா. நெல்லைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இந்த லட்சணத்தில் என்னைப் போய்ப் பாளையங்கோட்டையில் நடந்த மூன்று நாள் ஊழியர் மாநாட்டுக்கு அனுப்பினார்கள். போகவேண்டியவருக்கு மூட்டு வலி. "நீங்களும் ஊழியர்தானே" என்றார் ஐயர். கணக்கு எழுதுவதை யாரும் ஊழியம் என்று சொல்லிக் கேட்டதில்லை, அதில் மயங்கிவிட்டேன்.

முதல் நாள் துணிப்பை, நோட்டு, பேனா கொடுத்தார்கள். தலைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். மத்தியானம் மட்டன். அதையும் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் பேசியவர் திருநெல்வேலித் திருச்சபையின் ஆரம்பத்தைச் சொன்னார். 1780-ல் எழுதின முதல் பதிவேட்டில் 40 பேர்தானாம், முதல் பெயர் குளோரிந்தா அம்மாள். அந்த அம்மாள் கட்டிய கோயில் 1785-லிருந்து இதே பாளையங்கோட்டையில் நிற்கிறது. எல்லோரும் "அல்லேலூயா" என்றார்கள். நான், அந்த 40 பேரில் எத்தனை பேர் ஒழுங்காகச் சங்கம் கட்டியிருப்பார்கள் என்று யோசித்தேன்.

ராத்திரி பெரிய ஹாலில் பாய் விரித்துப் படுக்கை. எனக்கு வலப்பக்கம் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற வாத்தியார். இடப்பக்கம் ஒருவர் விட்ட குறட்டைக்கு ஜன்னல் கொக்கி ஆடியது. விடிகாலை ஐந்து மணிக்கு ஜெபத்துக்கு மணி அடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இருட்டில் தடவி ஜன்னல் திட்டில் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாம் ஒரே கறுப்பு ரெக்சின், ஒரே ஜிப்.

கரண்ட் வந்ததும் பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தைத் திறந்தால் ஓரமெல்லாம் பொடி எழுத்து. தேதி போட்டு, பென்சிலில் "மழை வேண்டும்". பக்கத்திலேயே பேனாவில் இன்னொரு தேதி, "கிணறு நிறைந்தது". பென்சிலில் "மகள் பேசுவதில்லை". நாலு வருஷம் கழித்துப் பேனாவில், "பேசினாள்". எனக்கு இந்தப் பாஷை நன்றாகப் புரியும். பென்சில் வரவேண்டியது, பேனா வந்தது. ஆனால் ஒன்று மட்டும் 1996-லிருந்து பென்சிலிலேயே இருந்தது. மங்க மங்க அதே எழுத்தின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். அது என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

சுக்குக் காபி நேரத்தில் வாத்தியார் என் புத்தகத்தோடு வந்தார்.

"மன்னிக்கணும் தம்பி, மாத்திக் கொண்டுட்டுப் போயிட்டேன். உள்ள ஒரு ஜெபக்குறிப்பு இருந்துச்சு. சும்மா வச்சிருக்க மனசு வரல. இருபத்தேழு பேருக்கும் ஒவ்வொருத்தரா ஜெபிச்சிட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது சங்கப் பாக்கிப் பட்டியல்.

"எட்டாவது பேருக்கு நேர 8,400ன்னு போட்டிருக்கே, பாவம், ஆஸ்பத்திரிச் செலவா?"

"இல்ல சார், அது வந்து..."

"சொல்லக்கூடாதுன்னா வேண்டாம். ஆனா ஒண்ணு பாத்தேன். ஒங்க பேர அதுல போடவே இல்ல. தனக்குன்னு ஒண்ணும் கேக்காம அடுத்தவங்களுக்கே ஜெபிக்கீங்க. அந்த மனசு லேசுல வராது தம்பி."

என் கண் கலங்கியதை அவர் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

மாசம் 100 வீதம் 84 மாசம், அதுதான் 8,400. எனக்கு முந்தின பொருளாளர் விட்டுப்போன ஒரு வருஷமும் அதில் சேர்த்தி. ஏழு வருஷத்தில் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டதில்லை. அன்று ராத்திரி குறட்டைக்கு நடுவில் உட்கார்ந்து நானும் ஜெபித்துப் பார்த்தேன். மூன்றாவது பெயருக்குள் மனசு கூட்டல் போட ஆரம்பித்துவிட்டது. தொகை தெரியாமல் தாளை நெடுக மடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, பேசினால் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அந்த எட்டாவது வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும், "அடுத்த மாசம் கட்டிருதேன் அண்ணாச்சி" என்றார்.

"அதுக்கு வரல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் நம்பவில்லை. காபி குடித்து முடிக்கிற வரைக்கும் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார், ரசீது புத்தகம் எப்போது வெளியே வருமென்று.