கிளை நூலகத்தில் கடற்பசு நிகழ்ச்சி: பட்டதும் படித்ததும்

வாசகர் வட்டம் சார்பில் நூலகத்தில் நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள். அனுமதி கேட்கும் கடிதத்தை எங்கே கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். நாங்கள் கேட்டோம். "இதுக்கெல்லாம் சீல் கிடையாது, வச்சுட்டுப் போங்க" என்றார் தபால் பிரிவில் இருந்தவர். வைத்துவிட்டு வந்தோம். ஏப்ரல் முழுக்கப் பதில் இல்லை, போய்க் கேட்டால் அப்படி ஒரு கடிதமே வரவில்லையாம். நூலகர் அம்மா வழியாக மறுபடி அனுப்பினோம். இந்த முறை கடிதம் கிடைத்தது, ஆனால் வாசகர் வட்டத் தீர்மான நகல் இல்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"முதல்ல குடுத்தப்ப தீர்மானம் கேக்கலையே சார்?"

"இப்ப கேக்குறேன்ல."

இதற்கு மேல் என்ன பேச? பாவம் நூலகர் அம்மா, பக்கத்து ஊர் நூலகத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறவர், எங்களுக்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறினார். ஆகவே கடிதத்தோடு தீர்மான நகல், பேச்சாளர் விவரம், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுவிடுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இந்த இழுபறியில் போனது வெறும் நாட்கள் என்றால் பரவாயில்லை. நாங்கள் நிகழ்ச்சியைத் திட்டமிட்டதே மீன்பிடித் தடைக்காலத்தை நம்பித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் லீவு, அப்பனும் பிள்ளையும் சேர்ந்து வருவார்கள் என்று கணக்கு. அனுமதி கைக்கு வந்தபோது படகுகளில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம் கிழமை பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பது இதைவிட லேசு. எங்கள் ஊர், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே இருக்கிறது, ஆட்கள் மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். படகு போகிற நாள் திங்கள், புதன், சனி. மறுநாள் காலை கரைக்கு வந்தால் மீன் பிரிப்பு, ஏலம், வலை வேலை, அப்புறம் தூக்கம். வெள்ளிக்கிழமை தோதான நாள்தான், ஆனால் கிளை நூலகத்துக்கு அன்றுதான் வார விடுமுறை, ஜும்மாவும் இருக்கிறது. ஞாயிறு காலை பூசை, மாலையில் ஆட்களைப் பிடிக்க முடியாது. சுற்றிச் சுற்றி வியாழன் மாலை 5 மணிக்கு வந்து நின்றோம். தூங்கி எழுந்து டீ குடிக்க வெளியே வருகிற நேரம். மற்ற கடலோர ஊர்க்காரர்களும் அலுவலகக் காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் படகு போகிற நாளைப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரம்தான் பெரிய கூத்து. பொருள் கடற்பசு, பேச வருகிறவர் வனத்துறை அலுவலர். அச்சகத்துத் தம்பி கடற்பசுவைச் சின்னதாக்கி "வனத்துறை" என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு துண்டறிக்கை அடித்துவிட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக இருக்கிற கடல் இது. 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்ததிலிருந்து இங்கே "வனத்துறை" என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட்டம்னு கூப்பிட்டு உக்கார வச்சு, தீவுப் பக்கம் போகாதன்னு சொல்லப் போறாக, அதானே?" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

அவ்வளவையும் ஓரங்கட்டிவிட்டு வேறு அடித்தோம். மேலே ஒரே வரி: "ஆவுளியாவை நேரில் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்." கடற்பசுவுக்கு எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்றுதான் பேர். பேச்சாளர் பெயரும் பதவியும் கீழே, சின்ன எழுத்தில். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவரிடமே சொல்லிவிட்டுத்தான் செய்தோம், சிரித்துக்கொண்டே சரி என்றார்.

தாளை எங்கே கொடுப்பது என்பதும் முக்கியம். ஏலக்கூடத்தில் கொடுக்காதீர்கள். செதிலும் உப்புத் தண்ணீருமாக இருக்கிற கையில் வாங்குகிறார்கள், கொஞ்ச நேரத்தில் தாள் கூழாகி ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்கள் குவிந்தன, அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆள் கொண்டுவந்தவை மூன்று: பூசை முடிவில் ஃபாதர் சொன்ன அறிவிப்பு, பள்ளிவாசல் மைக்கில் ஜமாத்தார் சொன்னது, ஐஸ் பிளாண்ட் பக்கத்து டீக்கடைக் கரும்பலகை. கடைக்காரர் வடை விலைக்கு மேலேயே எழுதிப் போட்டார். ஆட்டோவில் மைக் கட்ட நினைத்தால் காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். நாங்கள் இன்னொரு சீலைத் தேடி அலைய மனமில்லாமல் விட்டுவிட்டோம்.

நாற்காலி, சுண்டல், டீ எல்லாம் சரியாக வந்தன. கரண்டு வரவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மாலை 5 மணி வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், அது இருட்டுகிற வரை நீண்டது. தேதி வைக்கும்போதே மின்தடை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், 5 மணி வரை என்றால் 5 மணியை நம்பாதீர்கள். புரொஜெக்டர் மேஜை மேல் சும்மா இருந்தது. பேச்சாளர் சட்டென்று, "யாராவது பாத்திருக்கீங்களா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். வலையில் சிக்கிய ஆவுளியா மூச்சு வாங்க மேலே வர முடியாமல் முட்டியதை, அறுத்துவிட்டபோது வலை போன வருத்தத்தை, அது குட்டியை ஒட்டி வைத்துக்கொண்டு போனதைச் சொன்னார். பிள்ளைகளிடம் சத்தமே இல்லை. அலுவலர் அதைப் பிடித்துக்கொண்டு, அது கடற்புல் மேய்கிற பாலூட்டி, மீனைப் போல நீருக்குள்ளேயே மூச்சுவிட முடியாது என்று தொடர்ந்தார். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததைச் சொன்னதும், "அது தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமில்ல, நம்ம மாவட்டம் எங்க?" என்று கேள்வி வந்தது. கேட்டது யார் தெரியுமா, தாளைத் திருப்பிக் கொடுத்த அதே அக்கா.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். செலவுக்கு உண்டியல் குலுக்காதீர்கள், பின்னால் பேச்சுதான் மிஞ்சும். கொடுக்க மனமுள்ளவர்களை 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள், ரசீது கிடைக்கும், பெயர் பலகையில் ஏறும். டீ, சுண்டல் செலவை வாசகர் வட்டத்துக்காரர்கள் கைக்காசில் பிரித்துக்கொண்டோம்.

அடுத்து நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம், எங்கள் நூலகத்தில் தினசரிகள் வைக்கிற மூலை ஒழுகும், வாசலில் பந்தல் போட்டால் காற்றில் நிற்காது. அதனால் பள்ளிக்கூடத்து ஹாலை இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம். தலைமை ஆசிரியர் சரி என்று வாயால் சொல்லியிருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை.