மாமியாரிடம் பிரெஞ்சு

ஜூலை 5, 2025

இங்கே சிங்கப்பூரில் நூலகத்தில் எடுத்த தொடக்கநிலை பிரெஞ்சுப் புத்தகம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. டிசம்பரில் பாரிஸ் போகிறோம், அத்தையின் அண்ணன் வீட்டுக்கு. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால் பக்கம் சொல்வதுபோல் 'சொல்தா'. அவரோடு பேசத் தமிழே போதும். அவருடைய ஆறு வயதுக் கொள்ளுப்பேத்திக்குத்தான் தமிழ் அறவே வராது.

அத்தைக்கு 81 வயது. 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தபோது பத்து வயதுப் பிள்ளை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். நான் முதல் பக்கத்தைத் திறந்ததும், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே "ஜ சுய், து ஏ, இல் ஏ, நூ சோம், வூஸ் ஏத், இல் சோன்" என்று வாய்ப்பாடு போல ராகம் போட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த ராகத்தை நான் கேட்டதே இல்லை.

ஜூலை 8

'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்காகப் புத்தகம் இதற்கு இரண்டு பக்கம் செலவழிக்கிறது. எனக்கு ஒரு வரி போதும்.

வயது சொல்லும்போதுதான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜ சுய்' ('ஐ ஆம்') என்று தொடங்கினேன். அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "நீ என்ன நாப்பத்தேழா? உனக்கு நாப்பத்தேழு இருக்கு. ஜே காரான்த்-செத் ஆன்." பசியும் அப்படித்தானாம்: 'ஜே ஃபேன்', என்னிடம் பசி இருக்கிறது. 'எனக்குப் பசி' என்று சொல்லி வளர்ந்தவள், நடுவில் எதற்கு ஆங்கிலத்தைச் சுற்றி வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12

இன்று ஆண்பால், பெண்பால். தமிழ் இங்கே கைகொடுக்காது. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, அதோடு முடிந்தது கதை. பிரெஞ்சில் மேசை பெண், நாற்காலி பெண், பீரோ ஆண். (இந்தப் பீரோ அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொல்தான். ஆனால் அங்கே அது எழுதும் மேசை அல்லது அலுவலகம். சேலை அடுக்க முடியாது.) 'லீவ்ர' ஆணாக இருந்தால் புத்தகம், பெண்ணாக இருந்தால் பவுண்டு. 'சியோன்' என்று முடிந்தால் அநேகமாகப் பெண், 'ஆஜ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண். அந்த விதியை மனத்தில் ஏற்றி முடிப்பதற்குள் கடற்கரைக்கான 'பிளாஜ்' பெண்பாலாக வந்து நிற்கிறது.

மீசையும் பெண்பால். லா முஸ்தாஷ். இவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, கை மட்டும் மீசைக்குப் போய்த் திரும்பியது.

ஜூலை 14

பிரான்சின் தேசிய நாள். அத்தை காலை எட்டு மணிக்கே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. பாடம் இல்லை.

ஜூலை 19

உச்சரிப்பை நோட்டில் தமிழில்தான் எழுதி வைக்கிறேன். அதனால் வந்த வினை: மீனும் 'புவாசோன்', குடிக்கும் பானமும் 'புவாசோன்'. ஒன்று மல்லிப்பூ சொல்லும்போது வரும் 'பூ', இன்னொன்று பூமி சொல்லும்போது வரும் 'பூ'. நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்று. அத்தை கடைக்காரியாக நடித்தார், குடிக்க ஏதாவது கேட்கச் சொன்னார். நான் மீன் கேட்டேன். "பொரிச்சா, குழம்பா?" என்று தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மூக்கொலிதான் உண்மையில் பாடாய்ப் படுத்தியது. 'போன்' (நல்ல), 'வேன்' (வைன்) இரண்டிலும் எனக்குக் கடைசியில் 'ன்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாக்கு மேலே தொடக்கூடாதாம். அரை மணி நேரம் போராடினேன். கடைசியில் அத்தை, "மரம் விழுந்துச்சுன்னு வேகமாச் சொல்லு" என்றார். சொன்னேன். "எங்கே போச்சு உன் ம்?" வாயில் கை வைத்துப் பார்த்தேன். உதடு ஒட்டவேயில்லை, மூச்சு மூக்கு வழியாகப் போய்விட்டது. 'அவன் வந்தான்' சொன்னாலும் இதே கதைதான். எழுத்தில் ம், ன் எல்லாம் போடுகிறோம், பேச்சில் உயிரெழுத்தை மூக்கில் இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். வாழ்நாளெல்லாம் செய்துவந்த வேலைக்கு அரை மணி நேரப் பயிற்சி.

ஜூலை 23

எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே படித்தேன். 'ல' அடுத்து 'ஆமி' வந்தால் 'லாமி'. 'ஜ' அடுத்து 'எம்' வந்தால் 'ஜெம்'. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படித்தபோது மனப்பாடம் செய்த நன்னூல் சூத்திரம் முப்பது வருடத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தது: 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்'. நாடு, இல்லை, நாடில்லை. அங்கே ஓடுவது வேறு உயிர், ஓட்டம் ஒன்றுதான்.

'இல் ஆ' என்பதைக் கேள்வியாகத் திருப்பிப் போட்டால் இரண்டு உயிர் முட்டவில்லையா, நடுவில் ஒரு 'த்' வந்து நிற்கிறது: 'ஆ-த்-இல்'. அந்தத் 'த்'துக்குப் பொருள் கிடையாது. மணியடித்தது என்பதில் வரும் 'ய்'க்கு என்ன பொருளோ அதுதான். உடம்படுமெய்! சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பையன் காதிலிருந்து இயர்போனை எடுத்தான். லிட்டில் இந்தியாவில் இறங்க வேண்டியவள் ஃபேரர் பார்க்கில் இறங்கி நடந்தேன்.

ஜூலை 27

எண்கள். 69 வரை மரியாதையாக நடக்கிறார்கள். 70 அறுபது-பத்து, 80 நாலு-இருபது, 90 நாலு-இருபது-பத்து. 97ஆம் எண் பஸ் வந்தது; நாலு-இருபது-பத்து-ஏழு என்று நான் கூட்டி முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் 'செப்தான்த்', 'நோனான்த்' என்று நேரான சொற்கள் இருக்கின்றன. அத்தை சம்மதிக்கவில்லை. "தொண்ணூறுன்னு சொல்றியே, அதுல நூறு எங்கேருந்து வந்துச்சு? கணக்கா போட்டுப் பார்க்கிறே?"

ஆகஸ்ட் 3

படிக்கவில்லை. அலுவலகத்தில் மாதக் கணக்கு.

ஆகஸ்ட் 10

பாரிஸிலிருந்து வீடியோ அழைப்பு. குழந்தை திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "து ஆ கெல் ஆஜ்?" என்று என் வயதைக் கேட்டாள். "ஜே காரான்த்-செத் ஆன்!" மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை, அத்தை பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், "கத்ர-வேன்-அன்." நாலு-இருபது-ஒன்று. குழந்தை வாயைப் பிளந்தாள்.

போனை வைத்ததும் அத்தை முகம் மாறியது. "பார்த்தியா? என்கிட்ட 'து' போடுது! நாங்க படிச்சப்ப பெரியவங்களை 'வூ'ன்னுதான் சொல்லணும்."

"அங்கே சொந்தத்துக்குள்ளே எல்லாருக்கும் 'து'தான் அத்தை. உங்க மகன் உங்களை நீன்னுதானே கூப்பிடறார்?"

"அது நான் பெத்தது."

பிறகு வெகுநேரம் பேசவில்லை. மருமகள் நான் மட்டும் இத்தனை வருடமாக 'நீங்க' என்றுதான் சொல்லிவருகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். புத்தகத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று, வரும் சனிக்கிழமை திருப்ப வேண்டும்.