அப்பா ஓட்டிய கார்: அயர்லாந்தில் ஒரு வார பி அண்ட் பி பயணம்

அயர்லாந்து லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லையா? 'நாவிஸ்', அதாவது புது ஓட்டுநர் என்று காட்டும் சிவப்பு 'N' எழுத்தைக் காரின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு திரிகிறீர்களா? அப்படியானால் வாடகைக் காரை நம்பி ஒரு பி அண்ட் பி (படுக்கையும் காலைச் சாப்பாடும்) அறையைக்கூடப் பிடிக்காதீர்கள். நான் ஏழு இரவுக்குப் பிடித்து வைத்துவிட்டு டப்ளின் விமான நிலையத்தில் போய் நின்றேன்.

2025 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா, மூன்று பெட்டி, ஒரு பை நிறைய முறுக்கு. கவுன்டரில் இருந்த பையன் என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எட்டு மாசம்தான் ஆகுது. நாவிஸ் டிரைவருக்கு நாங்க கொடுக்கிறதில்லை." ஊரில் பதினோரு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன் என்றேன். இந்திய லைசென்ஸையும் எடுத்து நீட்டினேன். அவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. இங்கே குடியிருப்பவனுக்கு அந்த லைசென்ஸ் செல்லாது, இந்திய லைசென்ஸை இங்கே மாற்றிக் கொடுக்கவும் மாட்டார்கள், அதனால்தானே தியரி தேர்வு, வகுப்பு, ஓட்டுநர் தேர்வு என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். அப்படி வாங்கிய லைசென்ஸ்தான் இப்போது என்னைப் புதுசு என்றது. முன்பணம்? நிபந்தனையில் போட்டிருக்கிறது சார், திரும்ப வராது. போட்டுத்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

பின்னால் நின்ற அப்பா கேட்டார்: "ஏல, என் லைசென்ஸ் செல்லாதா?"

செல்லும். அதுதான் வேடிக்கை. சுற்றிப் பார்க்க வந்தவர் என்றால் ஊர் லைசென்ஸை வைத்தே இங்கே ஓட்டலாம். நம்ம ஊர் ஸ்மார்ட் கார்டு ஆங்கிலத்திலேயே இருப்பதால் பக்கத்து கவுன்டர் பெண் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வயது 66, அதற்கும் சரி. போன வருடம்தான் டாக்டரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிப் புதுப்பித்திருந்தார். அடுத்த கேள்வி: ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கிறதா? டெபிட் கார்டு ஆகாது, மகனுடைய கார்டும் ஆகாது.

அப்பாவிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பென்ஷன் வரும் வங்கியில் கட்டாயப்படுத்திக் கொடுத்தது, லிமிட் ஐம்பதாயிரம் ரூபாய். காருக்கு நிறுத்தி வைக்கும் தொகையோ 1,500 யூரோ. அவர்களுடைய முழுக் காப்பீட்டை எடுத்தால் அதை 200 யூரோவாகக் குறைக்கலாம் என்றார் அந்தப் பெண். காப்பீட்டுக்கு ஒரு நாளைக்கு 26 யூரோ தண்டம். வேறு வழி? எடுத்தோம். கார்டைத் தேய்த்தால் டிக்ளைன்ட். நம்ம ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆப்பில் போய்த் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். ஆப்பைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வரும் ஊர் சிம் என் வீட்டு மேஜை டிராயரில், ஒரு பழைய போனில் கிடந்தது. டாக்ஸியில் போய் எடுத்து வந்தேன். மொத்தம் மூன்று மணி நேரம்.

இதில் ஒரே ஆறுதல், அப்பா ஊரில் கியர் வண்டிதான் ஓட்டுவார். இங்கே வாடகையில் ஆட்டோமேட்டிக்கைவிட மேனுவல் நன்றாகவே மலிவு. ஊரைப் போலவே இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பத்து நிமிடத்தில் அவருக்குக் கை பழகிவிட்டது. ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை, ஆகவே ஏழு நாளும் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வழி சொல்வதும் கேட் திறப்பதும்தான் என் வேலை.

சரி, அறைகளுக்கு வருகிறேன். இங்கே பி அண்ட் பி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் வசிக்கும் வீடு. மூன்று நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுக் காலைச் சாப்பாடும் போடுவார்கள். ஹோட்டலைவிட மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். விலை சொல்லும் முறையைப் புரிந்துகொண்டால் மலிவுதான். கில்லார்னியில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். "ஃபிஃப்டி, பெர் பெர்சன் ஷேரிங்" என்றார் அந்த அம்மா. நான் 'ஃபிஃப்டி' மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அறைக்கு 50 யூரோ என்று சந்தோஷமாகக் கணக்குப் போட்டேன். ஆளுக்கு 50, அதுவும் இருவர் ஓர் அறையில் தங்கினால். மூன்று பேருக்கு மூன்று படுக்கை உள்ள ஓர் அறை என்றால் 150. தனி ஆளாகப் போனால் அதற்கு மேல் சிங்கிள் சப்ளிமென்ட் வேறு. இரண்டு நாள் கழித்து வந்த மெசேஜைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து, பட்ஜெட் முழுவதையும் திரும்பப் போட்டேன். போனில் பேசும்போது "மூன்று பேருக்கு, ஒரு இரவுக்கு, காலைச் சாப்பாட்டோடு மொத்தம் எவ்வளவு?" என்று அப்பட்டமாகக் கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

போன் செய்வதில் இன்னொரு லாபம் இருக்கிறது. புக்கிங் தளங்கள் எடுக்கும் கமிஷன் வீட்டுக்காரர்களுக்குக் கசக்கிறது. தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு நேரே அழைத்தேன். ஐந்து வீடுகளில் மூன்று பேர் குறைத்தார்கள். ஒருவர் ரொக்கமாகத் தந்தால் இன்னும் பத்து யூரோ குறைப்பேன் என்றார்.

அந்தப் போன்தான் கால்வேயிலிருந்தும் காப்பாற்றியது. ஜூலை 29, 30 இரண்டு இரவு கால்வே என்று எழுதி வைத்திருந்தேன். எந்த வீட்டிலும் இடம் இல்லை, இருந்த ஓர் அறைக்கு 340 யூரோ கேட்டார்கள். ஏதோ தளக் கோளாறு என்று நினைத்தேன். நாலாவதாக அழைத்த வீட்டில் ஒரு பாட்டி சிரித்தார். "அது ரேஸ் வீக், லவ்." பாலிபிரிட் மைதானத்தில் ஏழு நாள் குதிரைப் பந்தயம், ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறைக்கு முந்தைய திங்களில் தொடங்கும். நாடே அங்கேதான் இருக்குமாம். அவரே வெஸ்ட்போர்ட்டுக்குப் போகச் சொன்னார். அங்கே போய் இறங்கியதும் வீட்டுக்காரர் சொன்னார், நல்ல வேளை செவ்வாய்க்கிழமை வந்தீர்கள், ஜூலை கடைசி ஞாயிறு என்றால் குரோ பேட்ரிக் மலை ஏறும் யாத்ரீகர்களால் அங்கேயும் ஓர் அறை கிடைத்திருக்காது என்று. நம்ம ஊரில் சதுரகிரிக்கு ஆடி அமாவாசையன்று அறை தேடுவதைப் போலத்தான். தேதி குறிக்கும் முன் அந்த ஊரில் அந்த வாரம் என்ன விசேஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கில்கெனி போய்ச் சேர இரவு ஒன்பதரை. ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். ஹோட்டல் மாதிரி ராத்திரி முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருக்காது. வழியில் பெட்ரோல் பங்க்கிலிருந்து அழைத்துச் சொன்னதால் காத்திருந்தார்கள். சாப்பாடுதான் போச்சு. பப் சமையலறைகள் ஒன்பது மணிக்கே மூடிவிட்டன. முறுக்கும் டீயும்தான் அன்றைக்கு ராச்சாப்பாடு.

டூலினில் வீட்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கில்லார்னியிலிருந்து டார்பர்ட் போய், காரோடு படகில் ஏறி ஷானன் ஆற்றை இருபது நிமிடத்தில் கடந்து, மோஹர் பாறைகளையும் பார்த்துவிட்டு (214 மீட்டர் உயரம், அம்மா விளிம்புப் பக்கமே வரவில்லை) ஐந்து மணிக்கே வந்துவிட்டோம். ஆனால் கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. முகவரி என்பது குடும்பப் பெயர், சிற்றூர்ப் பெயர், மாவட்டம், அவ்வளவுதான். அந்தச் சிற்றூர்கள் அயர்லாந்துத் தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, ஒரே பெயர் பல இடத்தில் வரும். மேப் எங்களை வேறொரு மேட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாட்டுக் கொட்டகை முன்னால் நிறுத்தியது. 2015-லிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஏர்கோடு என்று எழுத்தும் எண்ணுமாக ஏழு இடக் குறியீடு இருக்கிறது. அதைப் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் விடும். நான் கேட்டு வாங்க மறந்திருந்தேன். அறையை உறுதி செய்யும்போதே ஏர்கோடு கேளுங்கள், விலைக்கு முன்னால்கூடக் கேளுங்கள்.

டிங்கிள் பக்கம் ஐரிஷ் பேசும் பகுதிகளில் பலகைகள் ஐரிஷில் மட்டும்தான். 'கோ மால்' என்று ஒரு பலகையைப் பார்த்த அம்மா, "இந்தக் காட்டுக்குள்ள மாலா?" என்றார். மெதுவாகப் போ என்று அர்த்தம். அப்பா மெதுவாகத்தான் போனார். கிராமத்துச் சிறு சாலைகளில் 2025 பிப்ரவரியிலிருந்து வேக வரம்பு 80 போய் 60 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பல இடங்களில் 60-கூட அதிகம், இரண்டு பக்கமும் கல்சுவர்.

காலைச் சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. அம்மா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். தட்டில் கறுப்பாக ஒரு வட்டமும் வெளிர் நிறத்தில் ஒரு வட்டமும் இருந்தன. என்ன என்று கேட்டதற்கு "புட்டிங்" என்று பதில் வந்தது. இனிப்பு என்று நினைத்து அம்மா முள்கரண்டியைக் குத்திவிட்டார். கறுப்பு வட்டம் பன்றி ரத்தத்தில் செய்வது, வெள்ளை வட்டமும் பன்றிதான். நல்ல வேளை வாய்க்குப் போகவில்லை. சைவம் என்று காலையில் மேஜையில் உட்கார்ந்து சொல்லிப் பயனில்லை, முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும். முட்டையைத் தனிச் சட்டியில் பொரிக்கவும் கேட்கலாம், முகம் சுளிக்காமல் செய்தார்கள். கஞ்சி, சோடா ரொட்டி, வெண்ணெய், வறுத்த தக்காளி எல்லாம் சேர்த்தால் மத்தியானம் இரண்டு வரைக்கும் பசிக்காது. எங்கள் மதியச் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறைந்ததே அந்தக் காலைச் சாப்பாட்டால்தான்.

வெஸ்ட்போர்ட்டில் அறையில் வைத்திருந்த கெட்டிலில் அம்மா சேமியா வேக வைத்தார். இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். மறுநாள் சாப்பிட்டு மேலே வந்தபோது அந்த இடத்தில் புதுக் கெட்டில் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது மேஜையில் இருபது யூரோ வைத்துவிட்டு வந்தேன். கெட்டிலில் சமைக்காதீர்கள்.

கடைசி இரண்டு இரவு டொனகால் ஊரில். அங்கிருந்து டப்ளின் திரும்பும் வழியில்தான் என் நெஞ்சு படபடத்தது. மேப் காட்டும் குறுக்கு வழி பாலிஷானனில் திரும்பி, பெல்லீக், எனிஸ்கில்லன் வழியாகப் போகும். அந்த இரண்டு ஊரும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் கேட் இல்லை, போலீஸ் இல்லை. வேக வரம்பு மைலுக்கு மாறும், சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையாகும், அவ்வளவுதான் அடையாளம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐரிஷ் குடியிருப்பு அட்டையும் மட்டும் வைத்திருக்கிறவன் அந்த எல்லையைத் தாண்ட பிரிட்டிஷ் விசா வேண்டும். இடையில் எங்கேனும் சோதனையில் மாட்டினால் என் வேலை விசாவுக்கே வினை. அப்பா அம்மாவின் விசாவில் ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகவிடும் பிரிட்டிஷ் ஐரிஷ் விசா திட்டத்தின் முத்திரை இருந்தது. முதலில் அயர்லாந்துக்குள் வந்துவிட்டதால் அவர்கள் தாராளமாகப் போகலாம். கார் ஓட்டவும் அப்பாவுக்கு அனுமதி, எல்லை தாண்டவும் அவருக்கு அனுமதி. இரண்டு வருடமாக இங்கே வரி கட்டுகிற எனக்கு இரண்டும் இல்லை.

மேப்பில் ஸ்லைகோவை இடையில் நிறுத்தமாகப் போட்டிருந்தேன். பாலிஷானனில் நெட் போய்த் திரும்பி வந்ததும் அது பழைய வழிக்கே தாவியதை நான் கவனிக்கவில்லை. "பெல்லீக்" என்ற பலகையை அம்மாதான் வாய்விட்டுப் படித்தார். ஒரு பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பினோம். பன்டோரன், ஸ்லைகோ, பிறகு என்4 சாலை. கொஞ்சம் நேரம் கூடுதல், நிம்மதியாக வந்தோம். "பெல்லீக்ல பீங்கான் சாமான் நல்லா இருக்குமாமே" என்று அம்மா முணுமுணுத்தது மட்டும் ஸ்லைகோ வரை கேட்டது.

கணக்கு: ஏழு இரவுக்கு மூன்று பேருக்கும் தங்கலும் காலைச் சாப்பாடும் சேர்த்து 1,015 யூரோ. இது எனக்குப் பெருமைதான். காப்பீட்டுத் தண்டமும் திரும்ப வராத முன்பணமும் சேர்ந்தால் அந்தப் பெருமையில் பாதி போய்விடும்.

டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையின் டோலில் கேட் கிடையாது. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமே கட்ட வேண்டும். போகும்போது அன்றைக்கே கட்டினேன். திரும்பி வந்த அன்று காரை விட்டுவிட்டு, டோலை மறந்து அலுப்பில் படுத்துவிட்டேன். அப்பா அம்மா ஊர் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, இங்கே விடிவதற்கு முன்னால் ஒரு போன்.

"ஏல, என் கார்டுல நாலாயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கான். நான்தான் வண்டிய அன்னைக்கே விட்டுட்டனே?"