இன்னும் நகரவில்லை

நவம்பர் 24, 2024, ஞாயிறு

தென்கிழக்கு வங்கக்கடல் பக்கம் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வந்தாச்சு. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, "சென்னைக்கு வருமா, வராதா? ஒண்ணு சொல்லு" என்றான். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். நான் என்ன நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலா உட்கார்ந்திருக்கிறேன்?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன்.

நவம்பர் 25, திங்கள்

தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. சுற்றுகிற காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த மண்டலம், 62 ஆனால் புயல். டிவிக்காரர்கள் 62க்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் வேளச்சேரிக்காரர்கள் யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி கொட்டிய மழை தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. அன்றைக்குப் புயலே கிடையாது. எங்கள் தெருவில் முதல் மாடிப் படிவரை தண்ணீர்.

அம்மா தூங்கிவிட்டாள். அவளுக்கு மூச்சுக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் மிஷின் சத்தம் ஒரே சீராக வருகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

ஆழ்ந்த மண்டலம். டெல்டாவில் நல்ல மழையாம். இங்கே தூறல்.

இன்று முழுக்க ஒரே கணக்கு. மிஷின் 350 வாட் இழுக்கிறது. பேட்டரி 150 ஏ.ஹெச் (ஆம்பியர்-அவர்). வேறு எதையும் போடாமல், அம்மா தலைமாட்டு ஃபேன் உட்பட எல்லாவற்றையும் அணைத்தால், நாலு மணி நேரம் தாங்கினால் அதிகம். கரண்டே இல்லாவிட்டால் ஆக்சிஜன் சிலிண்டர்தான்; சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 750 நிமிஷம், அதாவது 12½ மணி நேரம். அம்மாவுக்கு மூச்சு இரைத்து 3க்கு ஏற்றினால் 8 மணி சொச்சம். ரெண்டு சிலிண்டர் சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்காரர் "நாளைக்கு மேடம்" என்கிறார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புயல் கணக்குக்குப் போனால் அங்கேயும் கரண்ட்தான் வந்து நிற்கிறது. கடலின் மேல்தண்ணீர் 26.5 டிகிரியைத் தாண்டினால் போதும், புயலுக்குச் சாப்பாடு தயார். ஆவி மேலே ஏறிக் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்போது, ஆவியாவதற்கு எடுத்துக்கொண்ட சூட்டை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள காற்று லேசாகி இன்னும் மேலே போகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, நாலாபக்கமிருந்தும் ஈரக்காற்று உள்ளே ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக உள்ளே நுழைய முடியாமல் வளைகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே, நம் பக்கத்தில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. ஓடி வந்ததும் மேலே ஏறித் தண்ணீராகி மறுபடி சூடு. தன் சாப்பாட்டைத் தானே இழுத்துக்கொள்கிற சமாச்சாரம்.

ஒரு லிட்டர் மழை உருவாகும்போது வெளியாகிற சூடு சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அம்மாவின் மிஷின் ரெண்டு மணி நேரம் ஓடும். ஒரே ஒரு லிட்டருக்கு! இத்தனையையும் தலைக்கு மேல் கொட்டிவிட்டு, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை அணைக்க வைக்கும்.

நவம்பர் 27, புதன்

இன்று புயலாகும் என்றார்கள். ஆகவில்லை. திரிகோணமலைக்குக் கிழக்கே நிற்கிறது. நடக்கிற வேகம்கூட இல்லை.

புயல் தானாக நடந்து வருவதில்லை, அதைச் சுற்றியிருக்கிற பெரிய காற்றோட்டங்கள்தான் தள்ளுகின்றன. ஒரு பக்கம் ஓர் உயரழுத்தம் மேற்கே தள்ள, இன்னொரு பக்கம் வேறொன்று வடக்கே இழுக்க, ரெண்டும் சமபலமாக இருந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டர் மாடல்களும் அங்கேதான் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகின்றன. ஒன்று நாகப்பட்டினம் என்கிறது, இன்னொன்று நம்மூர் என்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் பிடித்த படத்தை அனுப்புகிறார்கள். ஃப்ளாட்ஸ் குரூப்பில் ஒருவர் "புஸ்வாணம்" என்று போட்டு அதற்குப் பன்னிரண்டு சிரிப்பு. அந்தப் பன்னிரண்டு பேரும் மேல் மாடிக்காரர்கள்.

நிற்பது ஒன்று, வளராமல் இருப்பது இன்னொன்று. கீழே ஒரு திசையிலும் மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேறு திசையிலும் காற்றடித்தால் புயலின் மேகக் கோபுரம் நிமிர்ந்து நிற்க முடியாது, சாய்ந்துவிடும். மழை மேகம் ஒரு பக்கம், சுழலின் மையம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். செயற்கைக்கோள் படத்தில் அதுதான் தெரிகிறது. போதாக்குறைக்கு வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மழைத்துளி நடுவழியிலேயே ஆவியாகி, சூடு கொடுக்க வேண்டியது குளிர்ச்சியைக் கொடுத்துவிடும். அந்த வறண்ட காற்றுக்குக் கோவில் கட்டலாம்.

அம்மா கேட்டாள்: "எங்கடி நிக்குது இப்ப?"

"இலங்கைகிட்ட, மா."

"நிக்கட்டும். காசா பணமா."

நவம்பர் 28, வியாழன்

நகரவில்லை. சிலிண்டரும் வரவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

காலையில்கூடப் புயலாகாமலேயே கரையேறும் என்றுதான் பேச்சு. மதியம் ரெண்டரைக்குப் புயலாகிவிட்டது. ஃபெஞ்சல். சவுதி அரேபியா கொடுத்த பெயர். 13 நாடுகள் ஆளுக்கு 13 என்று கொடுத்த பட்டியல், மொத்தம் 169. இந்தச் சமயத்தில் அது எதற்கு எனக்கு ஞாபகம் வருகிறது தெரியவில்லை.

வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் ரெண்டு பக்கமும் கார்களைக் கொண்டுவந்து விட்டாயிற்று. போன மாசமும் இதேதான். எங்களிடம் கார் இல்லை, ஆகவே அந்தக் கவலை மட்டும் இல்லை.

சாயந்திரம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி அங்கிள் அங்கே கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கப்பலில் இருந்தவர். "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லும்மா. இடது கையை நீட்டு. அந்தப் பக்கம்தான் புயல்" என்றார். பைஸ் பாலட் என்று ஒரு டச்சுக்காரர் 1857இல் சொன்ன விதியாம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் வலது கை. நின்றேன். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது, என் கை பள்ளிக்கரணையைத் தாண்டித் தென்கிழக்கே கடலைக் காட்டியது. "தரையில் காத்து உரசித் தடுமாறும், அதனால கையைக் கொஞ்சம் முன்னால கொண்டு வா" என்று திருத்தினார். ஃபோனில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் மொபைலில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்ததை ஒரு கை சொல்கிறது.

இறங்கி வரும்போது அவரே சொன்னார்: "உன் அம்மாவை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடலாம், ராத்திரியானாலும் கூப்பிடு." எனக்கு அழுகை வந்தது. துணி மூட்டையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ராத்திரி ஒன்பதுக்குச் சிலிண்டர் வந்தது. ஒன்றுதான்.

நவம்பர் 30, சனி

விடியற்காலை: மழை பிடித்துக்கொண்டது. புயல் மழை ஒரே மூச்சில் பெய்யாது, பட்டை பட்டையாக வரும். பத்து நிமிஷம் கொட்டுகிறது, அப்புறம் வெளிச்சம், அப்புறம் மறுபடி. ரேடார் படத்தில் ஒரு பட்டை கடலிலிருந்து பழவேற்காடு, துறைமுகம், திருவான்மியூர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருகிறது. நடுவில் வருகிற இடைவெளியை நம்பித்தான் ஜனங்கள் பால் வாங்கப் போகிறார்கள்.

மதியம்: பன்னிரண்டு மணியோடு விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அப்புறம் "ஓகே" என்று ஒற்றை வார்த்தை. கோபமா, இல்லை நிம்மதியா?

ரெண்டரை: கரண்ட் போய்விட்டது. பேட்டரி. நேரத்தை எழுதிவைக்கிறேன்: 2.35.

மூணரை: தெருவில் கணுக்கால். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, நிலத்தில் 10 செ.மீ மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல். கோடையில் அதே தண்ணீருக்கு ரெண்டு லாரிக்குப் பணம் கொடுக்கிறோம். எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடல் சேர வேண்டும். இன்று அமாவாசை. கடல் ஏற்றம் எப்போதும்விட அதிகம், அதற்குமேல் கரையை நோக்கித் தள்ளுகிற காற்று வேறு. கடல் வாங்கிக்கொள்ளாது. மழை நின்றாலும் தண்ணீர் நிற்கும்.

அம்மா, "ஃபேன் போடேன்" என்றாள். போடவில்லை. விசிறியால் வீசினேன்.

அஞ்சரை: கரையேற ஆரம்பித்துவிட்டதாம், புதுச்சேரி பக்கம். காற்று கிழக்குக்குத் திரும்பிவிட்டது. படுக்கையறை ஜன்னல் வழியாகச் சாரல். முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். கை தெற்கே போகிறது. நம்மைத் தாண்டிவிட்டது.

ஆறு இருபது: இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. சிலிண்டருக்கு மாற்றினேன். குமிழி வருகிறது. 6.20லிருந்து 12½ மணி, காலை 6.50. அம்மாவின் விரலில் மாட்டியிருக்கிற ஆக்சிஜன் மீட்டரில் 91. ரெண்டிலேயே வைத்திருக்கிறேன். 91, 90, 92.

எட்டு: வாட்ச்மேன் தாத்தா டார்ச்சோடு வந்து, முதல் படியில் தண்ணீர் ஏறவில்லை என்றார். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நிற்கிறதாம். டீ போட்டுக் கொடுத்தேன்.

92.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் முழுசாகக் கரையைக் கடந்துவிட்டது. எங்களுக்குக் கரண்ட் நாலேகாலுக்கு வந்தது. மிஷின் பீப் பீப் என்று கத்தி எழுந்தது. அம்மா கண்ணைத் திறக்காமலே, "வந்துடுச்சா" என்றாள்.

கரையேறினால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். தரையில் கடல்சூடு கிடைக்காது, உரசல் அதிகம், காற்று இளைத்துவிடும். காற்று இளைக்கிறதே தவிர ஈரம் எங்கே போகும்? புதுச்சேரி மேலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. மயிலம் பக்கம் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர். நேற்று மதியம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மயிலத்தில் சித்தி வீடு இருக்கிறது. ஃபோன் போகவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஊத்தங்கரையில் 50 செ.மீ. கிருஷ்ணகிரி மாவட்டம்! கடலே பார்க்காத ஊர். வேகமாகப் போயிருந்தால் பத்து ஊர் பகிர்ந்துகொண்டிருக்கும். தென்பெண்ணையில் வெள்ளம், விழுப்புரம் பக்கம் ரயில் ஓடவில்லை.

சித்தி பேசினாள். மொட்டை மாடியில் இருந்தார்களாம். மாடு ஒன்று போய்விட்டது. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறோம் என்றாள், நன்றாக இல்லாத குரலில்.

அண்ணனுக்கு வியாழக்கிழமை டிக்கெட் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு தாழ்வுப் பகுதி வரலாம் என்று குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அவனிடம் சொல்லவில்லை.

காலி சிலிண்டரை எடுத்துப்போக ஆள் வரவில்லை. கடைக்காரர் ஃபோனையும் எடுக்கவில்லை. அம்மா கூப்பிடுகிறாள்