காரைக்குடியில் வாங்கிய நாலு பூச்சாடிகள்: ஆறு மாதக் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், கண்ணாடியில் எதைத் தொட்டாலும் "பெல்ஜியம்" என்பார்கள். நிலைக்கண்ணாடி பெல்ஜியம், ஜன்னல் கண்ணாடி பெல்ஜியம், சர்பத் கிளாஸ்கூட பெல்ஜியம். செட்டிநாட்டு வீடுகளுக்கு அங்கிருந்து கண்ணாடி வந்தது உண்மைதான். அந்த உண்மையை வைத்து எத்தனை சாமான் விற்க முடியுமோ அத்தனையும் விற்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நாலு பூச்சாடி வாங்கினேன். மொத்தம் 7,200 ரூபாய். "ஆச்சி வீட்டுச் சாமான் தம்பி, நூத்தம்பது வருஷம், எல்லாம் பெல்ஜியம்" என்றார் கடைக்காரர். அன்றைக்கு எனக்குப் பூச்சாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பளபளப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் செய்தது கழுவியது. அதிலேயே ஒரு அடி விழுந்தது. நீல நிறத்தில் உயரமான ஒன்று, கடையில் பார்க்கும்போது தெளிவாக இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்ததும் உள்பக்கம் முழுக்கப் பால் ஆடை படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. உப்புப் படிவமாக இருக்கும் என்று வினிகரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். அசையவில்லை. வருஷக்கணக்கில் தண்ணீர் நின்று கண்ணாடியே அரிக்கப்பட்டால் இப்படி ஆகுமாம். இதற்கு 'நோய்ப்பட்ட கண்ணாடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உப்புப் படிவம் என்றால் வினிகரில் போய்விடும், இது போகாது. உள்ளே லேசாக எண்ணெய் தடவினால் மட்டும் வெளுப்பு மறையும். கழுவும்போது கை வழுக்கியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. விலை என்று பார்த்தால் அந்தச் சாடி அன்றோடு முடிந்தது. இப்போது அதில் காகிதப் பூ இருக்கிறது.

இரண்டாவது, கனமான, வெட்டுவேலை செய்த மாதிரி இருக்கும் 'கிரிஸ்டல்'. சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்றார். ஒலித்தது. ஆனால் மெல்லிய விளிம்பு இருந்தால் சாதாரணக் கண்ணாடியும் ஒலிக்கும் என்று படித்ததும் சந்தேகம் வந்தது. சரி, எடை போட்டே பார்ப்போம் என்று இறங்கினேன். நல்ல கிரிஸ்டல் என்று சொல்வது ஈயம் கலந்த கண்ணாடியைத்தான், அது அடர்த்தி கூடியது. ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருந்தால்தான் 'லெட் கிரிஸ்டல்' என்று போடலாம். அதற்கு அடர்த்தி குறைந்தது தண்ணீரைப் போல 2.90 மடங்கு இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் நிற்கும்.

செய்முறை சுலபம். சாடியின் எடை 742 கிராம். பிறகு சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, சாடியை நூலில் கட்டி, முழுதாக முங்கும்படியும் அடியைத் தொடாதபடியும் தொங்கவிட்டேன். தராசு காட்டுவது சாடி ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் தடவை 331 வந்தது. 742ஐ 331ஆல் வகுத்தால் 2.24. பூச்சாடிக் கண்ணாடி எதுவும் இவ்வளவு லேசாக இருக்காதே! எட்டிப் பார்த்தால், தலைகீழாகக் கட்டியிருந்ததால் உள்ளே ஒரு பெரிய காற்றுக் குமிழி. திருப்பிக் கட்டி, மெதுவாகச் சாய்த்து காற்றை வெளியேற்றியதும் 296. அடர்த்தி 2.51. ஈயமும் இல்லை, கிரிஸ்டலும் இல்லை. அப்புறம் வெயிலில் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய அச்சுக்கோடு ஓடுகிறது. பட்டை தீட்டிய முனைகளும் விரலில் மழுங்கலாகவே படுகின்றன. கையால் வெட்டியது என்றால் சுருக்கென்று இருக்கும். அச்சில் அழுத்திய சாமான். 900 ரூபாய் போச்சு.

மூன்றாவதுதான் ஆசையைத் தூண்டியது. மஞ்சளும் பச்சையும் கலந்த, எலுமிச்சைச் சாறு நிறத்தில் ஒரு சின்னச் சாடி. கள்ள நோட்டு பார்க்கும் யூவி டார்ச் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தேன். அறையே பச்சையாகப் பளீரென்று ஆனது. யுரேனியம் கண்ணாடி. இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில், ரீடல் என்ற கண்ணாடிக் குடும்பம் 1830களில் இந்த நிறத்தைப் பிரபலப்படுத்தி, வீட்டுப் பெண் அன்னாவின் பெயரையே அதற்கு வைத்தது. மாங்கனீசு கலந்த கண்ணாடியும் லேசாகப் பச்சை காட்டும், ஆனால் அது 365 நானோமீட்டர் டார்ச்சில்தான் ஓரளவு தெரியும். என்னுடையது 395. அதிலேயே இப்படி எரிந்தால் யுரேனியம்தான்.

அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழப்பான குழி இருந்தது. ஊதிச் செய்யும்போது அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டுதான் வாய்ப்பகுதியை வேலை செய்வார்கள். கம்பியை உடைத்தெடுத்த தழும்பைத் தேய்த்து மெருகேற்றினால் இந்தக் குழி வரும். ஆகக் கைவேலை. நூற்றைம்பது வருஷம் உண்மையாகவே இருக்கலாம் என்று இரண்டு நாள் மிதந்தேன்.

மூன்றாம் நாள், அடிப்பாகத்தில் வாயால் ஊதி ஆவி படியவைத்துச் சாய்த்துப் பார்த்தேன். அமிலத்தால் பொறித்து, தேய்ந்துபோன முத்திரைகள் அந்த ஆவியில் ஒரு நொடி எழும்பி வரும் என்று படித்திருந்தேன். வந்தது. ஓவல் வட்டத்துக்குள் 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா'. அந்த நாடு பிறந்ததே 1918 அக்டோபரில். அதற்கு முன் செய்ததாக இருக்க வழியில்லை. பெல்ஜியமும் போச்சு, நூற்றைம்பது வருஷமும் போச்சு. ஆனாலும் இது நல்ல சாமான். விளிம்பில் சில்லுத் தெறிப்பு இல்லை, நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை, விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்த அடையாளமும் இல்லை. அடியில் பொடிக் கீறல்கள் கண்டபடி எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் 'பழசாக்கினால்' அவை ஒரே பக்கமாக ஓடும்.

நாலாவதை நான் மதிக்கவே இல்லை. ஒரு கை, மேலே ஒரு குழலைப் பிடித்திருக்கிற மாதிரி உருவம். மணிக்கட்டில் காப்பு போல ஒரு பட்டை. மேலே துலுக்கச்சாமந்தி நிறத்தில், பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி வானவில் மினுக்கு. திருவிழாக் கடைப் பொருள் என்று நினைத்தேன். மணிக்கட்டு இடுக்கில் அழுக்கு ஏறியிருந்தது. அம்மா, "புளி போட்டு ஊறவை, போயிடும்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தேன். கட்டைவிரல் நகமளவு இடத்தில் மினுக்கு போய்விட்டது.

அடியைத் திருப்பினால் 'ஜெயின்' என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து, அச்சிலேயே வார்த்தது. தேடிப் பார்த்தால் இது ஃபிரோசாபாத் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். 1928இல் தொடங்கிய ஆலை. வளையல் ஊர் என்று மட்டும் நாம் நினைக்கும் அந்த ஃபிரோசாபாத்தில், மீன், யானை, கை என்றெல்லாம் சாடி செய்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போதே உலோக உப்புகளைத் தெளித்து மினுக்கு ஏற்றும் இந்த வகைக்குக் 'கார்னிவல் கிளாஸ்' என்று பெயர். அமெரிக்காவில் ஃபென்டன் நிறுவனம் 1907இல் தொடங்கி வைத்தது, டிஃப்பனியின் விலையுயர்ந்த கண்ணாடியை வாங்க முடியாதவர்களுக்காக. மினுக்கு மேல்தோல்தான், தேய்த்தால் போய்விடும் என்பதை இதற்கு அப்புறம் படித்தேன்.

விலை பார்ப்பதில் நான் கற்றது கொஞ்சம்தான். இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்கக் கூடாது. விற்று முடிந்த ஏலங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். கை சாடிக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, இங்கே கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1972 சட்டப்படி நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1928 ஆலை என்பதால் என்னுடையது இன்னும் அந்த வயதைத் தொடவில்லை. ஆனால் அந்த நகமளவுத் தேய்மானத்தோடு யார் என்ன தருவார்கள் என்று விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

கையில் வலது, இடது என்று இரண்டும் உண்டாம். என்னுடையது வலது. போன வாரம் கடைக்காரருக்கு போன் செய்து, "அண்ணே, அதே மாதிரி இடது கை ஏதாவது இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் எங்கோ போய் உருட்டிவிட்டு வந்தார். இருக்கிறதாம். ஜோடி சேர்க்கிறேன் என்று நானே உளறிவிட்டதால் விலை 6,000 ஆகிவிட்டது.

"அடியில ஏதாச்சும் எழுத்து இருக்கான்னு பாருங்கண்ணே."

"எழுத்தெல்லாம் எதுக்கு தம்பி, இதுவும் பெல்ஜியம்தான்."