சேதுபதி தரிசனம்

என் கணவருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே அத்தை ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, மகன் எழுந்து நடந்தால் சேது யாத்திரையை முறைப்படி செய்து முடிப்பதாக இராமநாத சுவாமிக்கு நேர்ந்துகொண்டார். முறைப்படி என்றால் நேரே இராமேசுவரத்தில் போய் இறங்குவது அன்று. உப்பூர் வெயிலுகந்த விநாயகரை வணங்கித் தொடங்கி, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றி, திருப்புல்லாணி, சேதுக்கரை என்று கடலோரமாகவே போய்க் கடைசியில் இராமநாதரைச் சேர்வது. அத்தையின் கணக்கில் இடையே இன்னொரு தரிசனமும் இருந்தது, இராமநாதபுரத்து மன்னரான சேதுபதியின் தரிசனம். "சேதுபதியைப் பார்க்காமல் போனால் யாத்திரை பூர்த்தியாகாது என்று எங்கள் அப்பத்தா சொல்லும், தாயி. இராமநாதபுரத்தில் இறங்கித்தான் போக வேண்டும்" என்றார்.

உப்பூரில் தேங்காய் உடைத்து, நிம்மதியாகக் கிளம்பினோம். தேவிபட்டினத்தில் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. வேனின் கதவு திறப்பதற்குள் தரகர்கள் சூழ்ந்துகொண்டு, நவதானியத் தட்டை அத்தையின் கையில் திணித்தார்கள். பேசிய தொகை ஒன்று, சங்கல்பம் முடிந்ததும் கேட்ட தொகை வேறொன்று. இராமபிரான் கையால் நட்ட ஒன்பது கற்கள் கடல்நீரில் நிற்கும் இடத்தில், மனம் ஒன்றிச் சுற்றி வர வேண்டிய நேரத்தில், ஒரு வயதான அம்மாளைப் பேரம் பேச வைப்பது பெரும் பாவம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒன்பதாவது சுற்றில் அத்தைக்கு முழங்கால் மடங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நடந்துவிட்டான் அல்லவா, நானும் நடப்பேன்" என்று சொல்லிச் சுற்றி முடித்தார்.

இராமநாதபுரம் நெருங்க நெருங்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கொலுவிருந்து யாத்திரிகருக்குக் காட்சி தந்த சேதுபதி இன்று இல்லை என்பதும், கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசம் என்ற அரண்மனை தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது என்பதும் அத்தைக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. சீட்டு வாங்கிய பிறகே மெல்லச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனபின் என் தயக்கமும் கரைந்தது. மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதற்கும் அப்பால் உயரத்தில் இராமர் பீடம் என்று கோயிலின் அடுக்கிலேயே அந்த மாளிகை அமைந்திருக்கிறது. வாளும் ஈட்டியும் வளரியும் வைத்திருக்கும் பகுதியை விரைவாகக் கடந்தோம். அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த மட்கலச் சில்லுகளின் முன் அத்தை நின்றுவிட்டார். வைகை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய அந்த ஊருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் சாடிகள் கடல்வழியாக வந்திருக்கின்றன என்று நான் சொன்னதும், "இந்தக் கடலுக்கு யார்தான் வரவில்லை" என்றார்.

சுவரெல்லாம், விதானமெல்லாம் சித்திரங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. இராமாயணக் காட்சிகளும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியர் அரசரைக் காண வந்து நிற்பதும் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. ஓரிடத்தில் அன்னை இராஜராஜேஸ்வரி தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். அத்தை தேடி வந்த சேதுபதி அங்கே இருந்தார். வாங்கும் கையோடு, தெய்வத்தின் முன்னால் இருந்தார். அத்தை இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து, இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, அந்தச் சுவரை நோக்கி உயர்த்திக் காட்டினார். உதடுகள் மட்டும் அசைந்தன. காவலில் இருந்தவர் அருகில் வந்தார். தடுக்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ, "கற்பூரம் மட்டும் ஏற்ற வேண்டாம் அம்மா, புகை பட்டால் சித்திரம் போய்விடும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அந்த நல்ல மனிதருக்கு அம்பாள் எல்லா நலமும் தர வேண்டும். எவ்வளவு நேரம் நின்றோம் என்று நினைவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

பிறகு திருப்புல்லாணியில் தர்ப்பையில் சயனித்த இராமரையும், சேதுக்கரையில் ஆஞ்சநேயரையும் தரிசித்து, மறுநாள் இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடினோம். கூட்டம் நெரித்தது, வாளித் தண்ணீர் பாதி எங்கள் மேல் விழவேயில்லை. எதுவும் குறையாகத் தோன்றவில்லை. கருவறைக்கு முன் நெருக்கித் தள்ளப்பட்ட நொடியில் என் கணவர் பெயரைச் சொல்லக்கூட மறந்து, "அப்பா, அப்பா" என்று மட்டுமே சொன்னேன். இராமநாதர் எங்களுக்குத் தந்ததை நான் எப்படி எழுதிக் காட்டுவேன்!

1212 தூண்கள் என்று சொல்லப்படும் மூன்றாம் பிரகாரத்தில், அதைக் கட்டி முடித்த முத்துராமலிங்க சேதுபதி சிலையாகக் கைகூப்பி நிற்கிறார். அத்தை அவர் முன்னும் ஒரு நிமிடம் நின்றார். அதன் பின்பே முடிச்சை அவிழ்த்து, வெறும் துணியை என் கையில் தந்துவிட்டு, நாணயத்தை உண்டியலில் போட்டார்.